நிரையும் நிரலும்: தோட்டப்புற ஊரிலிருந்து கணினி ஓவியம் கற்கத் தொடங்குவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி வண்டியில் போகும்போது பக்கவாட்டில் செம்பனைக் (எண்ணெய்ப்பனைக்) காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். கலைந்து நிற்பதாகத் தோன்றும் மரங்கள் ஒரு கணம் நேர்கோடாகச் சேரும், மறுகணம் பிரியும், பிறகு வேறொரு சாய்வில் மீண்டும் கோடாகச் சேரும். அந்தக் காட்சி முழுவதற்கும் அடியில் ஒரே ஒரு நடவு விதி இருக்கிறது என்பதையும், அந்த விதியைக் கணினிக்குச் சொல்லிவிட்டால் அதே காட்டைத் திரையில் வளர்க்கலாம் என்பதையும் நான் முப்பது வயதைக் கடந்த பிறகுதான் அறிந்தேன். அச்சகம் ஒன்றில் பேனர் வடிவமைக்கும் வேலையில் இருக்கும் நான், சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை பிற்பகல்களில் இடைநிலைப்பள்ளி மாணவர் சிலருக்கும், வேலைக்குப் போகும் பெரியவர் இருவர் மூவருக்கும் இதைச் சொல்லித் தருகிறேன். அந்த வகுப்பில் நாங்கள் பின்பற்றும் வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

கணினி ஓவியம் என்று நான் இங்கே சொல்வது, சுட்டியால் திரையில் தீட்டும் படத்தை அன்று. படம் எப்படி உருவாக வேண்டும் என்பதற்கான விதிகளை நிரலாக எழுதி, அந்த விதிகளிலிருந்து படத்தை விளைவிக்கும் கலை இது. நிரல் என்ற சொல்லுக்கே தமிழில் வரிசை, ஒழுங்கு என்பதுதான் பழைய பொருள். ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டுவதற்கு நிரை பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் ஆழத்தை விளக்க வேண்டியதில்லை.

தேவையானவை

பி5.ஜேஎஸ் என்ற இலவச நிரலகத்தையே தொடங்குவோருக்குப் பரிந்துரைக்கிறேன். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேசி ரியாஸ், பென் ஃப்ரை ஆகிய இருவரும் கலைஞர்களுக்காகப் பிராசஸிங் என்ற நிரல் கருவியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதே நோக்கத்தை இணைய உலாவிக்குக் கொண்டுவருவதற்காக லாரன் மெக்கார்த்தி 2013இல் தொடங்கியதுதான் பி5.ஜேஎஸ். கணினியில் எதையும் நிறுவாமல், உலாவியில் பி5 வெப் எடிட்டர் என்று தேடி அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். இடப்பக்கம் நிரல் எழுதும் இடமும் வலப்பக்கம் படம் தோன்றும் இடமும் இருக்கும். எழுதியதைச் சேமிக்க மட்டும் ஒரு கணக்கு வேண்டும். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையும் இலவசமாகத் திறந்துகொள்ளலாம்.

கைப்பேசியிலும் அது திறக்கும் என்றாலும், அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் சின்ன விசைப்பலகையில் தேடித் தேடி அடிப்பதில் ஆர்வம் விரைவில் வடிந்துவிடும் என்பதால், வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒரு கணினிக்கு வழி செய்துகொள்ளுங்கள். வீட்டில் இல்லையென்றால் பொது நூலகத்தில் விசாரியுங்கள். முன்பு பெடி என்று அழைக்கப்பட்டு இப்போது நாடி என்ற பெயரில் இயங்கும் சமூக இணைய மையம் உங்கள் ஊருக்கு அருகில் இருந்தால் அங்கும் கேட்டுப் பாருங்கள். பழைய கணினியே போதும். இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் படமும் அதற்குப் பாரமாக இருக்காது.

கணினி கிடைக்காத நாள்களுக்குக் கட்டம் போட்ட கணக்குப் புத்தகமும் ஒரு பகடையும் வைத்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்டில் 1924இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார், 1968இல் முதன்முதலாகக் கணினியைத் தொடுவதற்கு முன்பே, தாமே விதிகளை வகுத்து, அவற்றை ஓர் எந்திரம் போலப் பிசகாமல் பின்பற்றிக் கையால் வரைந்துவந்தார். அதைத் தம்முடைய கற்பனை எந்திரம் என்று அழைத்தார். தாளில் விதியைப் பின்பற்றி வரைந்து பார்த்த மாணவர்கள் திரைக்கு வரும்போது தடுமாறுவது குறைவு என்பதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

நிரலின் கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே நான் அவற்றின் ஒலியை எழுதுகிறேன். சரியான எழுத்துக்கூட்டல் அந்த எடிட்டரின் உதவிப் பகுதியில் உள்ள கட்டளை அகராதியில் எடுத்துக்காட்டுடன் கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு சொற்கள் ஒட்டிவரும் கட்டளையில் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து மட்டுமே பெரிய எழுத்தாக இருக்கும். அது சின்ன எழுத்தாகிவிட்டால் கட்டளை வேலை செய்யாது. அதே வேளையில், எண்களுக்கு நீங்கள் சூட்டும் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பி5.ஜேஎஸ் நிரல்களை எழுதப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி தமிழ் எழுத்தில் அமைந்த பெயர்களை ஏற்றுக்கொள்கிறது. நிரை, மரம், இடைவெளி என்றே, எண்களை ஏந்தி நிற்கும் மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம். இரண்டு சாய்கோடுகளை இட்டுத் தமிழிலேயே குறிப்பும் எழுதலாம். இப்படிச் செய்யும்போது, எது கணினியின் சொல், எது நம்முடைய சொல் என்பது ஒரு பார்வையிலேயே பிரிந்து தெரிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே புதியவர்கள் தமிழ்ப் பெயர்களைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

முதல் மணி நேரம்

எடிட்டரைத் திறந்ததும் இரண்டு பகுதிகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். செட்டப் என்ற பகுதி ஒருமுறை மட்டும் நடக்கும்; டிரா என்ற பகுதி, நிறுத்தச் சொல்லாத வரை, பொதுவாக நொடிக்கு 60 முறை மீண்டும் மீண்டும் நடக்கும். செட்டப்பில் உள்ள கிரியேட் கேன்வாஸ் கட்டளையில் 400, 400 என்றிருப்பதை 600, 600 ஆக்குங்கள். இதுதான் நம் தாள். டிரா பகுதியில், பின்னணி நிறத்தைச் சொல்லும் வரிக்குக் கீழே சர்க்கிள் என்று எழுதி, அடைப்புக்குள் 300, 300, 50 என்று இட்டு, மேலே உள்ள முக்கோணப் பொத்தானை அழுத்தினால், தாளின் நடுவில் 50 புள்ளி (பிக்சல்) விட்டமுள்ள வட்டம் தோன்றும்.

முதல் எண் இடப்பக்க விளிம்பிலிருந்து உள்ள தூரம். இரண்டாவது மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிய தூரம். பள்ளிக் கணிதத்தில் மேல்நோக்கி வளரும் அச்சு இங்கே கீழ்நோக்கி வளர்கிறது. இதை மறந்துவிட்டுப் படம் தலைகீழாக வந்ததென்று திகைக்காத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் முழுவதும் எண்களை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றி, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இயக்குங்கள். ஊகம் தவறும் இடம்தான் நீங்கள் கற்க வேண்டிய இடம்.

திரை வெறுமையாக நின்றால் பதற வேண்டாம். எடிட்டரின் அடியில் உள்ள கன்சோல் பகுதியில் பிழை எந்த வரியில் இருக்கிறது என்று பெரும்பாலும் குறிப்பு வரும். திறந்த அடைப்பை மூடினோமா, எழுத்துக்கூட்டல் சரியா, காற்புள்ளி விடுபட்டதா என்ற மூன்றையும் அந்த வரியிலும் அதற்கு முந்தைய வரியிலும் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும்.

செம்பனை நடுதல்

செம்பனையை முக்கோண முறையில் நடுகிறார்கள். ஒவ்வொரு மரமும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு மரங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் நிற்கும். அந்தத் தூரம் 9 மீட்டர் என்றால் நிரைக்கும் நிரைக்கும் இடையிலான தூரம் 9 மீட்டர் ஆகாது. சமபக்க முக்கோணத்தின் உயரமான 0.866ஆல் பெருக்க வேண்டும் என்பதால் அது ஏறத்தாழ 7.8 மீட்டர்தான். அந்தக் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 142 மரங்கள் வரும். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது பல திசைகளில் கோடுகள் சேர்ந்து பிரிவதற்கு இந்த அமைப்பே காரணம்.

இதைத் திரையில் நடுவோம். இடைவெளி என்ற மாறிக்கு 40 என்றும், நிரைத்தூரம் என்ற மாறிக்கு இடைவெளியை 0.866ஆல் பெருக்கிய மதிப்பையும் கொடுங்கள். அடுத்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஃபார் என்ற மடக்குக் கட்டளை. வெளி மடக்கு 17 நிரைகளை எண்ணட்டும். அதன் உள்ளே இருக்கும் மடக்கு ஒவ்வொரு நிரையிலும் 15 மரங்களை எண்ணட்டும். மரத்தின் கிடைநிலை, மர எண்ணை இடைவெளியால் பெருக்கியது; அதன் செங்குத்து நிலை, நிரை எண்ணை நிரைத்தூரத்தால் பெருக்கியது. விளிம்பில் ஒட்டாமலிருக்க இரண்டோடும் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் வரைந்தால் 255 மரங்கள் செவ்வகக் கட்டத்தில் நிற்கும். இன்னும் இது செம்பனைக் காடாகவில்லை.

நிரை எண்ணை 2ஆல் வகுத்து மீதி 1 வந்தால், அதாவது ஒற்றைப்படை நிரையானால், அந்த நிரை முழுவதையும் இடைவெளியில் பாதி, அதாவது 20 புள்ளி, வலப்பக்கம் தள்ளும்படி ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். மீதியைக் காண விழுக்காட்டுக் குறியைப் பயன்படுத்துவார்கள். அந்த ஒரு வரியைச் சேர்த்து இயக்கும் கணத்தில் செவ்வகக் கட்டம் மறைந்து, நாம் அன்றாடம் பார்க்கும் காடு திரையில் வந்து நிற்கும். இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மடக்குக்குள் மடக்கு என்பது இந்தக் கலையின் முதுகெலும்பு. இது கைக்குப் பழகிவிட்டால் பாதிக் கல்வி முடிந்துவிட்டது. இரண்டு வாரம் ஆனாலும் இதிலேயே இருங்கள். இடைவெளியை 40இலிருந்து 25 ஆக்கினால் மரங்களின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டியிருக்கும். அந்த எண்ணிக்கையைத் தாளின் அகலத்திலிருந்து கணினியே கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுத முடியுமா என்று முயலுங்கள்.

ஒரு மரத்தின் தலை

இப்போது ஒரே மரத்தை மேலிருந்து பார்ப்போம். செம்பனையின் மட்டைகள் தண்டைச் சுற்றி ஒழுங்கின்றி முளைப்பதில்லை. அடுத்தடுத்துத் தோன்றும் இரு மட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ 137.5 பாகைக் கோணம் இருக்கும். சூரியகாந்திப் பூவின் விதைகளிலும் அன்னாசிப் பழத்தின் செதில்களிலும் இதே கோணம் வேலை செய்கிறது. மட்டை வெட்டிய அடித்தழும்புகள் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறுவதைக் காட்டுக்குள் போகும்போது நின்று பாருங்கள்.

புதிய நிரல் ஒன்றைத் திறந்து, கோண அலகைப் பாகைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கணினி ரேடியன் என்ற வேறு அலகில் கணக்கிடும். டிரான்ஸ்லேட் கட்டளையால் தொடக்கப் புள்ளியைத் தாளின் நடுவுக்கு நகர்த்துங்கள். 400 வரை எண்ணும் மடக்கில், ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம் எண்ணை 137.5ஆல் பெருக்கியது, மையத்திலிருந்து தூரம் எண்ணின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கியது என்று கொள்ளுங்கள். தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைநிலையும், சைனால் பெருக்கினால் செங்குத்து நிலையும் கிடைக்கும். அங்கே சிறு வட்டம் வரையுங்கள். திரையில் ஒரு பூ விரியும்.

அதன்பின் 137.5 என்பதை 135 ஆக்குங்கள். பூ எட்டுக் கோடுகளாக ஒடுங்கிவிடும். 120 என்றால் மூன்றே கோடுகள். 137 என்று அரைப் பாகை குறைத்தாலும் புள்ளிகளுக்கிடையே வெற்றிடங்கள் தோன்றி, கைகள் போன்ற சுருள்கள் பிரியும். படிவம் ஐந்து முடித்த மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்த பிறகும் முக்கால் மணி நேரம் இந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தாள். முக்கோணவியல் எதற்குப் படித்தோம் என்று தனக்கு அன்றுதான் புரிந்தது என்று அவள் சொன்னபோது, நான் சொல்லித் தருவதை நிறுத்தக் கூடாது என்று தீர்மானித்தேன்.

ஒழுங்கைக் குலைப்பதன் அளவு

பிசகாத ஒழுங்கு கண்ணுக்கு விரைவில் அலுத்துவிடும். ஜெர்மானியரான கேயோர்க் நேஸ் 1960களின் இறுதியில் செய்த ஒரு புகழ்பெற்ற படத்தில், நிரைக்கு 12 சதுரங்களாக 22 நிரைகள் உள்ளன. மேல் நிரைகள் ஒழுங்காக நிற்க, கீழே வர வர ஒவ்வொரு சதுரமும் சற்று அதிகமாகச் சுழன்றும் இடம் பெயர்ந்தும், இறுதியில் கொட்டிக் கிடக்கும் சரளைக் கற்கள் போலாகின்றன. ரேண்டம் கட்டளை தரும் குறிப்பில்லா எண்ணை நிரை எண்ணால் பெருக்கிக்கொண்டே போவதுதான் அதன் உத்தி. மடக்குக்குள் மடக்கு தெரிந்த உங்களால் இதை ஒரு பிற்பகலில் செய்துவிட முடியும். குலைவை எங்கே தொடங்குவது, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதுதான் ஓவியரின் முடிவு. அதைக் கணினி எடுக்காது.

ரேண்டமை டிரா பகுதிக்குள் எழுதினால் படம் ஓயாமல் நடுங்கும். ஏனெனில் நொடிக்கு 60 முறை புதிய எண்கள் வருகின்றன. நோ லூப் என்ற கட்டளையைச் செட்டப்பில் சேர்த்தால் படம் ஒரே முறை வரைந்து நிற்கும்.

ரேண்டம் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் துள்ளும். மனிதக் கை அப்படித் துள்ளுவதில்லை. கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய நாய்ஸ் என்ற முறை, முந்தைய எண்ணுக்கு அருகிலேயே அடுத்த எண்ணையும் தரும். மேகம், அலை, மரப்பட்டை என இயற்கையின் மெல்லிய மாற்றங்களை வரைய இதுவே உதவும். இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி, பால்மரம் எனும் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டை. மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு உளி வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் ஏறத்தாழ 30 பாகை தாழ்ந்து இறங்கும். அடுத்த வெட்டு அதற்குச் சற்றே கீழே விழும். திரையில் 200 புள்ளி அகலத்துக்கு 115 புள்ளி இறங்கும் சாய்கோடுகளை, 4 புள்ளி இடைவெளியில் 80 முறை வரையுங்கள். அது அளவுகோல் வைத்துக் கீறியதாகவே இருக்கும். பின்னர் ஒவ்வொரு கோட்டையும் 5 புள்ளிக்கு ஒன்றாகத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் உயரத்தோடும் நாய்ஸ் தரும் எண்ணை 12ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். நாய்ஸுக்குக் கொடுக்கும் முதல் எண், கிடைநிலையை 0.02ஆல் பெருக்கியது, இரண்டாம் எண், கோட்டின் வரிசை எண்ணை 0.1ஆல் பெருக்கியது. அப்போது ஒவ்வொரு கோடும் தனக்கு மேலுள்ள கோட்டை ஒத்தும் அதிலிருந்து சிறிது விலகியும் செல்லும். ஒரே கையால் நாள்தோறும் விழுந்த வெட்டுகள் போல் அவை அசையும். முப்பது ஆண்டுகள் மரம் வெட்டிய என் அத்தையிடம் இதை அச்சிட்டுக் காட்டியபோது, ஓரிடத்தில் விரலை வைத்து, இங்கே உளி ஆழமாக இறங்கியிருக்கிறது, மரம் காயப்பட்டிருக்கும் என்றார். அந்தக் காயத்தை வரைவதை அடுத்த பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியிலிருந்து உள்ள தூரத்தைச் சொல்லும் டிஸ்ட் கட்டளையைக் கொண்டு, அந்தப் புள்ளிக்கு அருகில் வரும் கோடுகளை மட்டும் விலக்கி வளைக்க வேண்டும்.

கோலம்

கோலத்தைப் பலர் முதல் பயிற்சியாக எடுக்க விரும்புவார்கள். நான் அதைக் கடைசியாகவே தருகிறேன். பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும் சிக்குக் கோலம் உண்மையில் கடினமான விதிகள் உடையது. சென்னைத் தாம்பரத்தில் உள்ள கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, 1970களில் கோலங்களை முறைசார் இலக்கணமாக எழுதி ஆராய்ந்தார். நம் வீட்டு வாசல் கலை அப்போதே கணினியியலின் ஆய்வுப் பொருளாகிவிட்டது.

தாளிலேயே தொடங்குங்கள். கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை பகடையை உருட்டுங்கள். ஒற்றைப்படை விழுந்தால் இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் கால்வட்டம் வரையுங்கள். இரட்டைப்படை விழுந்தால் மற்ற இரு மூலைகளிலும் வரையுங்கள். கால்வட்டங்கள் கட்டத்தின் பக்கங்களை நடுவில் தொட வேண்டும். முப்பது கட்டங்கள் முடிவதற்குள் வளைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுவதைக் காண்பீர்கள். இதை ஆர்க் கட்டளையால் நிரலாக்கலாம்.

ஆனால் அது இன்னும் கோலமாகவில்லை. ஓரங்களில் கோடு அறுந்து நிற்கும். கோலத்தில் கம்பி அப்படி அறுவதில்லை. எனவே கால் பகுதியை மட்டும் பகடைக்கு விட்டு, அதைத் தாளின் மையத்தைச் சுற்றி 90 பாகை வீதம் நான்கு முறை சுழற்றி வரையுங்கள். ஓரத்துக் கட்டங்களில் கோட்டைத் திருப்பி உள்ளே விடும் வளைவை நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முன், கோலம் போடத் தெரிந்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், புள்ளி வைப்பது முதல் முடிப்பது வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, கை எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிரல் பாடத்திலும் கிடைக்காதது அது.

நிறத்தைப் பொறுத்தவரை என் அறிவுரை சுருக்கமானது. தொடக்கத்தில் மூன்று நிறங்களுக்கு மேல் வேண்டாம். தீபாவளிக்கு அரிசிக் கோலம் போடும்போது எந்த நிற அரிசி எதன் பக்கத்தில் நன்றாக நிற்கிறது என்று பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு இருந்தால், அதையே நம்புங்கள்.

அச்சிடுவதும் காப்பதும்

நல்ல படத்தைத் திரையிலேயே விட்டுவிடாதீர்கள். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480க்கு 3508 புள்ளிகள் வேண்டும்; ஏ3 தாளுக்கு 3508க்கு 4961. கேன்வாஸின் அளவை இதற்கேற்ப மாற்றும்போது எல்லா நீளங்களையும் அதே விகிதத்தில் பெருக்க வேண்டியிருக்கும் என்பதால், 40, 600 போன்ற எண்களைத் தனித்தனியாக எழுதாமல், தாளின் அகலத்திலிருந்து கணக்கிடும் பழக்கத்தை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சேவ் கேன்வாஸ் கட்டளை படத்தைக் கோப்பாகத் தரும். அதை உள்ளூர் அச்சுக்கடையில் கொடுத்து, பளபளப்பில்லாத தடித்த தாளில் எடுக்கச் சொல்லுங்கள்.

பிறருடைய நிரலைப் பார்த்துக் கற்பது தவறில்லை. ஆனால் எடுத்துக்கொண்ட நிரலின் உரிமையாளர் பெயரை உங்கள் நிரலின் முதல் வரியிலேயே குறிப்பாக எழுதிவிடுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் கேட்டவுடன் நிரல் எழுதித் தருகின்றன. முதல் மூன்று மாதங்களுக்கு அவற்றிடம் பிழையின் காரணத்தை மட்டும் கேளுங்கள். நிரலை நீங்களே எழுதுங்கள். விரலும் கண்ணும் சேர்ந்து பழக வேண்டிய காலம் அது.

ரேண்டமையோ நாய்ஸையோ பயன்படுத்திய படங்களில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த முறை இயக்கும்போது அதே படம் திரும்ப வராது. எங்கள் வகுப்பில் வந்தவற்றுள் மிகச் சிறந்த பட்டைப் படம் ஒன்றை நாங்கள் அப்படித்தான் இழந்தோம். அதைத் தவிர்க்க, ரேண்டம் சீட் என்ற கட்டளையை வரையும் வரிகளுக்கு முன்னால் எழுதி, ஏதாவது ஓர் எண்ணைக் கொடுங்கள். நாய்ஸுக்கு நாய்ஸ் சீட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. அந்த விதை எண் மாறாத வரை படமும் மாறாது. எண்ணை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, நூறு படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த படத்தை அச்சிட்டதும், தாளின் பின்புறத்தில் தேதியையும் நிரலின் பெயரையும் விதை எண்ணையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.